அறாத ஓட்டத்தை அறுப்பது எவ்வாறு?

(பாகூர்க் கொம்யூனைச் சேர்ந்த சிற்றூர் ஒன்றில், உழவர்க்கும் மின்பணியாளர்க்கும் மேனிலைப்பள்ளி மாணவர்க்கும் நிகழ்த்தப்பெற்ற அறிவியல் உரையின் எழுத்து வடிவம்)



ஓடுகின்ற ஒன்றை நிறுத்துவது எளிதா, அரிதா? பாகூர் ஏரிப் பாசனத்தில் வாழும் உழவரைக் கேட்டால் விடை உடனே வரும். வாய்க்காலில் மெல்ல வரும் நீரை ஒரு மண்வெட்டி மண்ணால் அடைத்துவிடலாம். கரை உடைந்து பாயும் வெள்ளத்தை அவ்வாறு அடைக்க முடியாது. கொட்டிய மண்ணையும் அது கொண்டுபோகும். நீரேற்றுப் பொறியின் நீண்ட குழாயைத் திடுமென மூடியவர்க்கு இன்னொன்றும் தெரியும். குழாய் அதிரும், இணைப்பு தளர்ந்திருந்தால் தெறிக்கும். ஓடிவந்த நீர் தன் ஓட்டத்தை விட மறுக்கிறது என்பதே அதன் பொருள்.

மின்னோட்டமும் அத்தகையதே. பெருமின்னோட்டத்தை அறுக்க முற்படும்போது, அறுபட்ட இடத்தில் அது தீயாய் எழுந்து நின்று, இடைவெளியைத் தாண்டி ஓடிக்கொண்டே இருக்கும். அத்தீக்கு மின்வில் என்று பெயர். அவ்வில்லை அடக்குவது எவ்வாறு, அதன் நடத்தையைக் கணக்கால் முன்கூட்டியே அறிவது எவ்வாறு என்பனவே இவ்வுரையின் பொருள்.

இது பொறிஞர்க்கு மட்டும் உரிய செய்தி என்று எண்ணற்க. 2011 திசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரை கடந்தது. அப்போது ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. பின்னர்ச் சாத்தனூர் அணை நீர் தென்பெண்ணையில் பெருகிப் பாகூர்ப் பகுதியைச் சூழ்ந்தது. புயலில் ஒரு கம்பி அறுந்து நீர் நின்ற வயலில் விழுமானால், அங்கு நடந்து வரும் மாந்தனுக்கும் மாட்டுக்கும் உயிர்க்காவல் யாது? எங்கோ ஒரு துணைமின் நிலையத்தில் நிற்கும் சுற்றுமுறிப்பான் அக்கம்பியின் ஓட்டத்தை உரிய நேரத்தில் அறுக்க வேண்டும். வில்லியனூரிலும் பாகூரிலும் 230 கிலோவோல்ட்டு அழுத்தத்தை வாங்கிக் குறைத்து ஊர்களுக்கு அனுப்பும் துணைமின் நிலையங்கள் உள்ளன. அவற்றின் வேலிக்குள் வரிசையாய் நிற்கும் கம்பங்களிற் பலவும் இப்பணிக்கே நிற்கின்றன.

வில் பிறக்கும் வகை

இரண்டு செம்புத் தொடுமுனைகள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டிருக்கும்வரை மின்னோட்டம் அமைதியாய் ஓடும். அவற்றைப் பிரிக்கத் தொடங்கியதும் தொடும் பரப்புச் சுருங்குகிறது. முடிவில் ஊசிமுனை அளவான ஓரிடத்தின் வழியே ஓட்டம் முழுவதும் நெருக்கிக்கொண்டு பாயும்போது, அவ்விடம் உருகி ஆவியாகிறது. அந்த ஆவியும் அருகிலுள்ள வளியும் வெப்பத்தால் சிதைந்து, எதிர்மின்னிகளும் மின்னூட்டம் பெற்ற அணுக்களும் கலந்த பிழம்பாகின்றன. இதனையே மின்பிழம்பு, அஃதாவது பிளாசுமா என்கிறோம். 1928இல் பிளாசுமா என்னும் பெயரை இதற்கு வழங்கியவர் அமெரிக்க அறிஞர் இர்விங்கு இலாங்மூர்.

வளி என்பது மின்னைக் கடத்தாத பொருள். மின்பிழம்போ கடத்தும் பொருள். ஆகலின் தொடுமுனைகள் பிரிந்த பின்னும் ஓட்டம் நிற்பதில்லை. வில்லின் நடுப்பகுதி 10,000 பாகை வெப்பத்தையும் தாண்டும். கதிரவனின் மேற்பரப்பே ஏறத்தாழ 5,500 பாகைதான் என்றால், ஒரு முறிப்பானின் வயிற்றுக்குள் எத்தகைய நெருப்பு மூள்கிறது என்பதை உணரலாம்.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டனில் அம்பிரி டேவி என்பார் இரண்டு கரித்துண்டுகளுக்கிடையே இவ்வொளியை எழுப்பிக் காட்டினார். கரித்துண்டுகள் கிடையாய் இருந்தமையால், சூடேறிய காற்று மேலெழும்பும்போது ஒளியும் மேல்நோக்கி வளைந்தது. அவ்வளைவே அதற்குப் பெயர் தந்தது. தமிழில் வில் என்று வழங்குவதும் அவ்வளைவு பற்றியே.

மாறோட்டம் தரும் ஓய்வு

வீட்டுக்கு வரும் மின்னோட்டம் மாறோட்டம். இந்தியாவில் அது நொடிக்கு 50 சுழற்சி. ஒவ்வொரு சுழற்சியிலும் முன்னும் பின்னுமாகத் திசை மாறுவதால், நொடிக்கு 100 முறை ஓட்டம் தானே சுழியாகிறது. அஃதாவது நூற்றில் ஒரு நொடிக்கு ஒருமுறை வில்லுக்கு ஊட்டம் அற்றுப்போகிறது. ஊஞ்சல் இருபுறமும் சென்று திரும்பும் உச்சியில் ஒரு நொடிக்கூறு நிற்பதைப் போன்றது இது. ஓடும் ஊஞ்சலைக் குறுக்கே பாய்ந்து பிடிப்பவன் அடிபடுவான். உச்சியில் நிற்கும்போது பிடிப்பவன் எளிதாய் நிறுத்துவான்.

மாறோட்ட முறிப்பான் செய்வதும் அதுவே. ஓட்டம் சுழியாகும் நொடிக்கூற்றுக்குள் வில்லின் வெப்பத்தைக் கொண்டுபோய்விட்டால், அடுத்த அரைச்சுழற்சியில் அழுத்தம் மீண்டும் எழுந்தாலும் இடைவெளி கடத்தாது. இவ்வெப்பத்தைக் கொண்டுபோவதற்கு முதலில் எண்ணெயும், பின்னர் அழுத்தமேற்றிய காற்றும் பயன்பட்டன. இப்போது உயரழுத்தத்தில் கந்தக எக்சாபுளூரைடு வளியும், நடுத்தர அழுத்தத்தில் வெற்றிடக் குடுவையும் பெரிதும் பயன்படுகின்றன. அவ்வளி வில்லை அவிப்பதில் வல்லது. ஆயினும் காற்றில் கசிந்தால் கரியமிலவளியைவிட இருபதாயிரம் மடங்குக்கும் மேலாக ஞாலத்தைச் சூடேற்றவல்லது. அதனாலேயே உலகெங்கும் அதற்கு மாற்றுத் தேடுகின்றனர்.

நேரோட்டத்தின் விடாப்பிடி

நேரோட்டத்திற்கு இத்தகைய ஓய்வு இல்லை. அது ஒரே திசையில், ஓயாமல் ஓடுவது. ஊஞ்சலின் உச்சி அதற்குக் கிடையாது. அஃது ஆற்று வெள்ளம். ஆகவே வில் தானே அவியும் என்று காத்திருக்க வழியில்லை. முறிப்பானே செயற்கையாக ஒரு சுழியை உண்டாக்க வேண்டும்.

அப்படியாயின் நேரோட்டத்தை நாடுவது ஏன்? நெடுந்தொலைவுக்குப் பேராற்றலை அனுப்பும்போதும், நிலத்தடி, கடலடி வடங்களில் அனுப்பும்போதும் நேரோட்டத்தில் இழப்புக் குறைவு. சத்தீசுகரின் இராய்கரிலிருந்து தமிழ்நாட்டின் புகளூர் நிலையத்திற்கு ஏறத்தாழ 1,765 கி.மீ. தொலைவு ±800 கிலோவோல்ட்டில் 6,000 மெகாவாட்டு ஆற்றலைக் கொண்டுவரும் தொடர் நேரோட்டத் தொடரே. அங்கிருந்து கேரளத்தின் திருச்சூருக்கு ±320 கிலோவோல்ட்டில் 2,000 மெகாவாட்டு செல்லும் தொடர் 2021இல் நாட்டுக்கு ஒப்படைக்கப்பட்டது.

இராய்கர்–புகளூர் போன்று இரண்டு முனைகள் மட்டுமே உள்ள தொடரில் பழுது நேர்ந்தால், முனையிலுள்ள மாற்றுநிலையமே ஆற்றல் அனுப்புவதை நிறுத்திவிடலாம். பல முனைகளை வலைபோல் இணைத்தாலோ, ஒரு கிளையின் பழுதுக்காக வலை முழுவதையும் நிறுத்துவது பேதைமை. ஒரு வாய்க்கால் உடைந்ததற்காக ஏரியின் எல்லா மதகுகளையும் மூடுவார் உளரோ? பழுதான கிளையை மட்டும் அறுக்க வேண்டும். அதற்கு நேரோட்ட முறிப்பான் வேண்டும். சீனத்தின் சாங்பேயில் 2020இல் இயங்கத் தொடங்கிய ±500 கிலோவோல்ட்டு நான்முனை வலையில் இத்தகைய முறிப்பான்கள் நிற்கின்றன. நாளை தென்கடலோரத்தில் கடற்காற்றாலைகள் எழுந்து நேரோட்ட வடங்களால் இணைக்கப்படுமானால், இத்தேவை தமிழர் கரைக்கும் வரும்.

இங்கே விரைவு எத்துணைத் தேவை என்பதை ஒரு சிறு கணக்கால் காணலாம். புகளூர்–திருச்சூர்த் தொடரின் அழுத்த அளவாகிய 320 கிலோவோல்ட்டையே எடுத்துக்கொள்க. வழியில் 0.1 என்றி அளவுள்ள மின்தூண்டம் இருப்பதாகவும், 2,000 ஆம்பியர் ஓடிக்கொண்டிருப்பதாகவும் கொள்க. (மின்தூண்டம் என்பது ஓட்டத்தின் மாற்றத்தை எதிர்க்கும் இயல்பு, குழாய்நீரின் உந்தலுக்கு நிகரானது, அதன் அளவுக்கு என்றி என்று பெயர்.) பழுது நேர்ந்ததும் ஓட்டம் ஆயிரத்தில் ஒரு நொடிக்கு 3,200 ஆம்பியர் வீதம் ஏறும். அவ்வாறான இரண்டு மில்லிநொடியில் அது 8,400 ஆம்பியர் ஆகிவிடும். மாறோட்ட முறிப்பான் தன் வேலையை முடிக்க 40 முதல் 60 மில்லிநொடி எடுத்துக்கொள்வது இயல்பு. அவ்வளவு நேரம் இங்கே காத்திருந்தால், அறுப்பதற்கு மாற்றுநிலையம் மிஞ்சாது.

கலப்பு முறிப்பான்

இச்சிக்கலுக்கு இரண்டு வழிகள் முன்பே உண்டு. உலோகத் தொடுமுனை ஒரு வழி: மூடியிருக்கும்போது அதில் இழப்பு மிகக் குறைவு, ஆயின் திறக்கும்போது மெதுவானது, வில்லும் மூளும். குறைகடத்தி மற்றொரு வழி: அது மில்லிநொடியினும் மிகச் சிறு பொழுதில் வில்லின்றி அறுக்கும், ஆயின் எந்நேரமும் ஓட்டத்தைச் சுமக்கவிட்டால் வெப்பமாய் ஆற்றலை வீணாக்கும். முன்னதன் சிக்கனத்தையும் பின்னதன் விரைவையும் ஒன்றாய்ப் பிணைத்ததே கலப்பு முறிப்பான். 2012இல் ஏபிபி நிறுவனம் ஐந்து மில்லிநொடிக்குள் அறுக்கவல்ல கலப்பு முறிப்பானை அறிவித்தது. 2016இல் சீனத்தின் சௌசான் தீவுகளை இணைக்கும் ஐம்முனை வலையில் 200 கிலோவோல்ட்டுக் கலப்பு முறிப்பான் பொருத்தப்பட்டது.

அதன் செயல்முறையை ஏரிப்பாசனம் அறிந்தவர்க்கு எளிதில் விளக்கலாம். பெருகிவரும் நீரை எதிர்த்து மதகை மூடாமல், முதலில் பக்கத்தே ஒரு மாற்றுவாய்க்காலைத் திறந்து நீரை அதில் திருப்புக. நீர் வற்றிய மதகை அமைதியாய் மூடுக. மதகு இறுக மூடியபின் மாற்றுவாய்க்காலை அடைக்க. அப்போது தேங்கி எழும் நீருக்குக் கலிங்கு ஒன்றை முன்பே கட்டி வைத்திருக்க. இந்நான்கு செயலும் முறை பிறழாமல் நடந்தால் கரை உடையாது.

முறிப்பானில் உலோகத் தொடுமுனை மதகு. குறைகடத்தி அடுக்கு மாற்றுவாய்க்கால். துத்தநாக ஆக்சைடு வில்லைகளை அடுக்கிய மிகையழுத்தத் தடுப்பான் கலிங்கு. இக்கலிங்கின் சுமையைக் கணக்கிட்டால் வியப்பாய் இருக்கும். மேலே கண்ட 8,400 ஆம்பியரில் குறைகடத்தி அறுத்துவிட, தடுப்பான் 480 கிலோவோல்ட்டு எதிரழுத்தத்தைத் தாங்கி நிற்கிறது எனக் கொள்க. ஓட்டம் சுழியாவதற்கு 5 மில்லிநொடிக்குச் சற்று மேல் ஆகும். அதற்குள் அது விழுங்கும் ஆற்றல் ஏறத்தாழ மூன்று மின்னலகு (யூனிட்டு). முப்பத்தைந்து லிட்டர் நீரைக் கொதிக்கவைக்கப் போதுமான வெப்பம், கண்ணிமைக்கும் நேரத்தினும் குறைவான பொழுதில்! வழியில் தேங்கியிருந்த ஆற்றல் இதில் மூன்றில் ஒரு பங்கே; எஞ்சிய இரு பங்கும், ஓட்டம் தணியும்வரை மின்னூற்று மேன்மேலும் ஊட்டியது. அறுப்பதில் காலந்தாழ்ந்தால் கலிங்கின் சுமை எவ்வாறு பெருகும் என்பது இதனால் விளங்கும்.

வில்லுக்கும் ஒரு பணி உண்டு

இதில் மின்வில் எங்கே வருகிறது? பகையாய்க் கருதிய அவ்வில்லே சில வகைக் கலப்பு முறிப்பான்களில் பணியாளாகிறது. தொடுமுனை பிரியும்போது எழும் வில்லுக்கென ஓர் அழுத்தம் உண்டு. வெற்றிடத்தில் செம்பு முனைகளிடையே அது ஏறத்தாழ 20 வோல்ட்டு. அவ்வழுத்தமே ஓட்டத்தை மாற்றுவழிக்குத் தள்ளும் கை. மாற்றுவழிக்கு 10 வோல்ட்டுத் தேவை, இடையிலுள்ள கம்பிகளின் தூண்டம் ஒரு மைக்ரோ என்றி எனின், எஞ்சிய 10 வோல்ட்டு 2,000 ஆம்பியரைத் திருப்புவதற்கு 200 மைக்ரோநொடி ஆகும்.

உயரழுத்த முறிப்பானிலோ, மாற்றுவழியில் நூற்றுக்கணக்கான குறைகடத்திகள் வரிசையாய் நிற்கும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று வோல்ட்டு என்றாலும் மொத்தம் பல நூறு வோல்ட்டு ஆகிவிடும். 20 வோல்ட்டு வில் அங்கே தள்ளமாட்டாது. ஆகவே, வில்லை நீட்டியும் துண்டுகளாய்ப் பிரித்தும் காந்தப்புலத்தால் இழுத்தும் அதன் அழுத்தத்தைப் பெருக்குவர். அல்லது இயல்புவழியிலேயே ஒரு சிறு குறைகடத்திச் சொடுக்கியை வைத்து, அதனால் ஓட்டத்தைத் திருப்பியபின் தொடுமுனையை ஏறத்தாழ வில்லின்றியே பிரிப்பர். 2012இல் அறிவிக்கப்பட்டது இப்பின்னை வகையே.

எவ்வகையாயினும் ஒரு வினா எஞ்சும்: தொடுமுனையிடையே எஞ்சிய வெம்மையும் மின்னூட்டமும் முற்றும் மறைந்தனவா? மறையுமுன் குறைகடத்தியை அறுத்தால், திடீரென எழும் அழுத்தம் அவ்விடைவெளியில் வில்லை மீண்டும் மூட்டிவிடும். மறைவதற்கு மிகைநேரம் காத்திருந்தால், பழுதோட்டம் ஏறிக்கொண்டே போகும். முந்தினாலும் கேடு, பிந்தினாலும் கேடு. அந்த நொடிக்கூற்றைத் தேர்வதற்கே கணக்கு வேண்டியிருக்கிறது.

வில்லைக் கணக்கிற்குள் கொணர்தல்

ஒரு பொருளின் நடத்தையைச் சமன்பாடுகளால் கணிப்பொறியில் போலச் செய்து காண்பது ஒப்புருவாக்கம் ஆகும். மின்வில்லைக் கணக்கில் அடக்க முனைந்தோர் வரிசையில் முதற்கண் நினைக்கத்தக்கவர் எர்த்தா அயர்ட்டன் என்னும் ஆங்கில அம்மையார். வில்லின் நீளம், ஓட்டம், அழுத்தம் ஆகியவற்றிடையே உள்ள உறவை அளந்து அவர் நிறுவினார். வில் ஏன் சீறுகிறது என்னும் வினாவுக்கு, கரிமுனையின் குழிவில் உயிர்வளி புகுவதே அடிப்படை என்று காட்டினார். 1899இல் அந்நாட்டு மின்பொறிஞர் கழகத்தின் முதற் பெண் உறுப்பினரானார். 1902இல் மின்வில் பற்றிய நூலை வெளியிட்டார். அதே ஆண்டு அரசக் கழகத்தின் உறுப்பினராக அவர் பெயர் முன்மொழியப்பட்டபோது, மணமான பெண் என்பதைக் காட்டி மறுத்துவிட்டனர். மறுத்தோர் பெயர்களை உலகம் மறந்தது. அயர்ட்டனின் சமன்பாடு நிற்கிறது.

ஓட்டம் மாறாத வில்லுக்கு அது போதும். நொடிக்கூறு தோறும் மாறும் வில்லுக்கு வேறு கணக்கு வேண்டும். அதனை 1939இல் கேசி என்பாரும் 1943இல் மாயர் என்பாரும் தந்தனர். இருவர் கருத்தும் ஒரு வீட்டு வரவு செலவுக் கணக்கைப் போன்றதே. வில்லுக்குள் மின்னோட்டம் இடும் ஆற்றல் வரவு. குளிர்ச்சி வெளியே கொண்டுபோகும் ஆற்றல் செலவு. வரவு மிகுந்தால் வில்லின் கடத்துதிறன் வளரும். செலவு மிகுந்தால் தேயும். எவ்வளவு விரைவில் வளரும், தேயும் என்பதைக் கால மாறிலி என்னும் எண் தீர்க்கும்.

கேசியின் கணக்கில் வில் ஓட்டத்திற்கேற்பப் பருத்தும் மெலிந்தும் தன் அழுத்தத்தை ஏறத்தாழ ஒரே அளவில் காக்கும். இது பேரோட்டத்திற்குப் பொருந்தும். மாயரின் கணக்கில் வில் இழக்கும் ஆற்றல் மாறாதது. வெப்பம் குறையக் குறையக் கடத்துதிறன் சரேலென வீழும். இஃது ஓட்டம் சுழியை அணுகும் வேளைக்குப் பொருந்தும். ஆகவே இரண்டையும் இணைத்து, பெருவெள்ளத்திற்குக் கேசியையும் வற்றும் வேளைக்கு மாயரையும் துணைகொள்வது வழக்கம்.

மாயரின் கணக்குப்படி ஊட்டம் முற்றும் நின்றுபோன வில்லின் கடத்துதிறன், ஒரு கால மாறிலிப் பொழுதில் 37 விழுக்காடாகும். ஐந்து பொழுதில் ஒரு விழுக்காட்டுக்கும் கீழே போகும். கால மாறிலி ஒரு மைக்ரோநொடியானால் ஐந்து மைக்ரோநொடியில் வில் ஏறத்தாழ இறந்துவிடும்; நூறு மைக்ரோநொடியானால் அரை மில்லிநொடி காத்திருக்க வேண்டும். மேலே கண்ட கணக்கில் அரை மில்லிநொடி என்பது 1,600 ஆம்பியர் ஏற்றம்! ஓர் எண்ணின் மாற்றம் முறிப்பானின் வாழ்வையும் சாவையும் தீர்க்கிறது.

இக்கணக்கைக் கையால் போட முடியாது. வில்லின் கடத்துதிறன் ஓட்டத்தைப் பொறுத்தது. ஓட்டமோ வில்லின் கடத்துதிறனைப் பொறுத்தது. ஒன்றை அறிய மற்றொன்று வேண்டும். ஆதலால் காலத்தை மிகச் சிறு படிகளாய் வெட்டி, ஒவ்வொரு படியிலும் சுற்றின் சமன்பாட்டையும் வில்லின் சமன்பாட்டையும் சேர்த்துத் தீர்க்க வேண்டும். மின்வலைகளில் நிகழும் இத்தகைய விரைவு மாற்றங்களைக் கணிப்பொறியால் படிப்படியாய்த் தீர்க்கும் முறையை 1969இல் எர்மன் தொம்மல் என்னும் அறிஞர் வெளியிட்டார். இன்றைய மென்பொருள்களிற் பலவும் அவ்வழி வந்தவையே. படி பெரிதாயின், வில் இறந்து மீண்டும் மூண்டதைக் கணிப்பொறி காணாமலே தாண்டிச் சென்றுவிடும். வில்லின் கால மாறிலியினும் படி சிறிதாய் இருத்தல் வேண்டும்.

கணக்கின் எல்லை

ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். கேசியும் மாயரும் தந்தவை வில்லின் உள்ளே நிகழும் அனைத்தையும் சொல்லும் சமன்பாடுகள் அல்ல. புறத்தே தோன்றும் நடத்தையை மட்டும் போலச் செய்பவை. கால மாறிலி, குளிர்ச்சி ஆற்றல் ஆகிய எண்களை மெய்யான முறிப்பானை ஆய்ந்தே பெறல் வேண்டும். ஒரு முறிப்பானுக்குப் பெற்ற எண்ணை மற்றொன்றுக்குப் பொருத்தினால் கணக்கு அழகாய் வரும், மெய்யாய் வாராது. வெற்றிடத்திலோ வில் எரிவதற்கு வளியே இல்லை. முனைகளிலிருந்து எழும் உலோக ஆவியிலேயே அது வாழ்கிறது. அதற்கு இவ்விரு சமன்பாடுகளும் அப்படியே பொருந்தா.

ஆதலின் கணக்கு முடிந்தபின்னும் களத்தேர்வு தேவை. 1960இல் நிறுவப்பெற்றுப் பெங்களூருவில் இயங்கும் நடுவண் மின்னாற்றல் ஆராய்ச்சி நிறுவனம் இந்தியாவில் முறிப்பான்களைப் பேரோட்டத்தில் தேர்ந்து பார்க்கும் இடங்களில் முதன்மையானது. கணக்கு ஆயிரம் வழிகளை ஆய்ந்து தொள்ளாயிரத்தை விலக்கும்; எஞ்சியதை நெருப்பு தேரும்.

ஊர்க்கு ஆவது என்ன?

800 கிலோவோல்ட்டும் கலப்பு முறிப்பானும் நெடுந்தொலைவில் இருக்கலாம். நேரோட்டமோ சிற்றூருக்குள் முன்பே வந்துவிட்டது. வீட்டு மாடியில் விரிந்த கதிரொளித் தகடுகளிலிருந்தும், கதிரொளியால் இயங்கும் நீரேற்றுப் பொறிகளின் தகடுகளிலிருந்தும் இறங்குவது சில நூறு வோல்ட்டு நேரோட்டமே. மாறோட்டத்திற்கென்று செய்த மலிவான சொடுக்கியை, அஃதாவது சுவிட்சை, அவ்வழியில் பொருத்தினால் என்னாகும்? மாறோட்டத்தில் நூற்றில் ஒரு நொடியில் அவியும் அதே பொறி, நேரோட்டத்தில் அவியாமல் நின்று எரியும், சொடுக்கியின் கூடு உருகும், கூரை பற்றும். பகலில் தகட்டை நிறுத்தவும் முடியாது. ஒளி உள்ளவரை அது ஊட்டிக்கொண்டே இருக்கும்.

ஆகவே நேரோட்டத்திற்கென்று குறிக்கப்பெற்ற சொடுக்கியையே வாங்குக. ஓட்டம் உள்ளபோது தகட்டின் இணைப்பை இழுத்துப் பிரிக்காதீர். முதலில் பொறியை நிறுத்தி ஓட்டத்தைத் தணித்து, அதன்பின் நேரோட்ட வழியைத் துண்டிக்க. கலப்பு முறிப்பான் கற்பிக்கும் ஒழுங்கும் இதுவே: ஓட்டத்தை எதிர்த்து அறுக்காதே, தணித்து அறு.

இன்னொன்றும் உண்டு. அறுந்து விழுந்த கம்பியை முறிப்பான் கட்டாயம் அறுத்திருக்கும் என்று நம்பி எவரும் அருகே செல்லற்க. உலர்ந்த மண்ணிலோ மணலிலோ விழுந்த கம்பியில் ஓடும் ஓட்டம் மிகச் சிறிதாய் இருக்கலாம். அதனைப் பழுதென்று துணைமின் நிலையம் உணராமலே போகலாம். கம்பி ஒளிராமலும் ஓசையின்றியும் கிடப்பது அஃது உயிரற்றது என்பதற்குச் சான்றன்று. தொலைவில் நின்று பிறரையும் தடுத்து, மின்துறைக்குச் சொல்லுக.

இச்செய்திகளைக் கம்பத்தில் ஏறும் பணியாளரும் வயலில் நிற்கும் உழவரும் தம் மொழியில் அறிந்திருத்தல் வேண்டும். மின்வில், தொடுமுனை, குறைகடத்தி, மின்தூண்டம், கால மாறிலி என்று சொன்னபோது இவ்வவையில் எவர்க்கேனும் பொருள் மறைந்ததா? மதகும் கலிங்கும் அறிந்த மக்களுக்குக் கலப்பு முறிப்பானை விளக்கத் தமிழ் போதாது என்பார், தமிழையும் அறியார், முறிப்பானையும் அறியார். எச்சரிக்கைப் பலகை ஒன்று படிப்பவனுக்கு விளங்காத மொழியில் எழுதப்பட்டிருக்குமானால், அஃது எழுதப்படாததற்கு நிகர். இங்கே மொழி என்பது பெருமைச் செய்தி மட்டுமன்று, உயிர்க்காவல்.

பாகூர் கல்விக்குப் புதிய ஊர் அன்று. பல்லவன் நிருபதுங்கன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், இவ்வூரில் இயங்கிய கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் கொடையாய் வழங்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடு கூறுகிறது. ஒரு சாலைக்கு மூன்று ஊர் கொடுத்துக் கற்பித்த மண்ணில், மின்னைப் பற்றிய அறிவை மூன்று சொல்லில் சொல்லித்தர இயலாமற் போகலாகாது. மாணவர்களே! பாடநூலில் சமன்பாட்டைக் கண்டால் அஞ்சாதீர். வரவும் செலவும் அறிந்தவன் மாயரின் சமன்பாட்டை அறிவான். வாய்க்காலைத் திருப்பத் தெரிந்தவன் முறிப்பானை அறிவான். கணக்கைக் கற்று, களத்தில் தேர்ந்து, வில்லை அடக்கும் பொறிஞராய் உங்களுள் சிலர் வில்லியனூரிலும் பாகூரிலும் நின்று பணிபுரியும் நாள் வருமாக! அறிந்ததை அண்டை வீட்டாருக்கு அவர் மொழியில் சொல்லும் கடனோ அந்நாளுக்குக் காத்திருக்க வேண்டியதன்று; இன்றிரவே தொடங்கலாம்.